மாவட்டத்துக்கு மாவட்டம் குழந்தை இறப்பு: எந்தக் கணக்கை எதற்கு எடுப்பது?

பீகாரில் உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எத்தனை பேர் ஒரு வயதுக்குள் இறக்கிறார்கள்? மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு 27 என்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) 46.8 என்கிறது. உத்தரப் பிரதேசத்துக்கு இதே இரண்டு கணக்குகள் தரும் எண்கள் 38, 50.4. தமிழ்நாட்டுக்கு 13, 18.6. கேரளத்தில் தலைகீழாக 6, 4.4. இரண்டுமே அரசு வெளியிடும் கணக்குகள்தான். இரண்டையும் எடுத்தவர்கள் வேலை தெரிந்தவர்கள்தான்.

ஆய்வு மாணவர்கள், தொண்டு நிறுவனங்களில் திட்ட அறிக்கை எழுதுபவர்கள், மாவட்டச் செய்தியாளர்கள் எல்லாரும் வந்து நிற்கும் இடம் இது. மாநிலத்துக்கே இவ்வளவு வித்தியாசம் என்றால் மாவட்டத்துக்கு எதை நம்புவது? என்னிடம் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விகள். நீங்கள் கையில் வைத்திருக்கும் விகிதத்துக்கு அடியில் உண்மையில் எத்தனை இறப்புகள் எண்ணப்பட்டிருக்கின்றன? அந்த இறப்புகள் எந்த ஊர்க் கணக்கில் ஏறியிருக்கின்றன? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு, மாநில சராசரி போதாதா என்றால், போதாது. நைஜீரியாவின் 2018 ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு விகிதம் நாடு முழுமைக்கும் ஆயிரத்துக்கு 132. ஓகுன் மாநிலத்தில் அது 30, கெப்பி மாநிலத்தில் 252. இந்தியாவில் 2010-11 ஆண்டுச் சுகாதார ஆய்வில் உத்தராகண்டின் ருத்ரபிரயாக் மாவட்டத்தில் சிசு மரண விகிதம் (ஆயிரத்துக்கு எத்தனை பேர் ஒரு வயதுக்குள் இறக்கிறார்கள் என்ற கணக்கு) 19, உத்தரப் பிரதேசத்தின் சிராவஸ்தி மாவட்டத்தில் 103. சராசரியை மட்டும் பார்த்துப் பணம் ஒதுக்கினால் கெப்பியும் சிராவஸ்தியும் கண்ணில் படவே படாது.

## முதலில் அளவுகோல்கள்

எந்த மூலத்தை எடுத்தாலும் இந்த ஐந்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

- எந்த மட்டம் வரை நம்பலாம்? மாநிலமா, மாவட்டமா, வட்டாரமா?
- எந்தக் காலத்தைப் பற்றிச் சொல்கிறது? வெளியான ஆண்டும் அது பேசும் ஆண்டும் பெரும்பாலும் வேறு வேறு.
- யாரைத் தவறவிடுகிறது? பிறந்து சில மணி நேரத்தில் இறக்கும் குழந்தைகள்தான் எல்லா இடத்திலும் முதலில் விடுபடுகிறார்கள்.
- இறப்பு எந்த ஊர்க் கணக்கில் ஏறுகிறது? குடும்பம் வாழும் ஊரிலா, இறப்பு நடந்த ஊரிலா, தாயைப் பேட்டி கண்ட ஊரிலா?
- மறைமுகச் செலவு என்ன? டேட்டா இலவசமாகக் கிடைக்கலாம். அதைத் திருத்திப் பயன்படுத்த ஆகும் உழைப்பு இலவசம் இல்லை.

## மாதிரிப் பதிவு முறை

1969-70 முதல் நாடு முழுவதும் நடந்துவரும் எஸ்.ஆர்.எஸ். இது. தேர்ந்தெடுத்த ஒவ்வொரு பகுதியிலும் உள்ளூர்க்காரர் ஒருவர், பெரும்பாலும் ஆசிரியர் அல்லது அங்கன்வாடி ஊழியர், பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து குறித்துவருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் தனியாக வந்து வீடு வீடாகக் கேட்டு எழுதுவார். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மறுபடி களத்தில் போய்ச் சரிபார்ப்பார்கள். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிக்கும் ஏற்பாடு இது. ஆண்டுதோறும் மாநில அளவில் போக்கைப் பார்க்க இந்தியாவில் இதைவிட நல்ல மூலம் இல்லை என்பது என் கருத்து.

மாவட்டத்துக்கு இது உதவாது. நாடு முழுக்க சுமார் 8,800 மாதிரிப் பகுதிகள், ஏறத்தாழ 84 லட்சம் மக்கள். எழுநூற்றுச் சொச்ச மாவட்டங்களுக்கு வகுத்தால் மாவட்டத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு பகுதிகள், பதினோராயிரம் மக்கள். தமிழ்நாட்டுப் பிறப்பு விகிதத்தில் அங்கே ஆண்டுக்கு 150 குழந்தைகளுக்குச் சற்று மேல் பிறப்பார்கள், இரண்டு சிசுக்கள் இறப்பார்கள். அடுத்த ஆண்டு மூன்று பேர் இறந்தால் விகிதம் ஐம்பது சதவீதம் கூடிவிட்டது என்றா எழுதுவது? சிறிய மாநிலங்களுக்குக்கூட மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத்தான் எண் தருகிறார்கள்.

## தேசியக் குடும்ப நல ஆய்வு

என்.எஃப்.எச்.எஸ். 1992-93இல் தொடங்கியது. மற்ற நாடுகளில் டி.எச்.எஸ். (மக்கள்தொகை-சுகாதார ஆய்வு) என்ற பெயரில் நடப்பதும் இதே வகை ஆய்வுதான். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் அவர்கள் பெற்ற ஒவ்வொரு குழந்தையையும் பற்றி வரிசையாகக் கேட்பார்கள்: எப்போது பிறந்தது, உயிருடன் இருக்கிறதா, இல்லையென்றால் எந்த வயதில் இறந்தது.

ஐந்தாம் சுற்றில் 707 மாவட்டங்களில் சுமார் 6.37 லட்சம் வீடுகள். மாவட்டத்துக்கு 900 வீடு. மாவட்டத் தகவல் குறிப்பேட்டில் தடுப்பூசி முதல் ரத்தசோகை வரை எல்லாம் இருக்கும், குழந்தை இறப்பு மட்டும் இருக்காது. பலர் இதைக் குறை என்று நினைத்து, மூல டேட்டாவை இறக்கித் தாங்களே மாவட்டக் கணக்கு போடுகிறார்கள். அப்படிப் போடும்போது என்ன ஆகிறது என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். 900 வீடுகளில் ஐந்து ஆண்டுகளில் சுமார் 300 குழந்தைகள் பிறந்திருப்பார்கள். அதில் 12 பேர் இறந்திருந்தால் விகிதம் 40. ஆனால் பன்னிரண்டு என்ற சின்ன எண்ணிக்கைக்குத் தற்செயலின் ஆட்டம் பெரிது. 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, 21இல் தொடங்கி 70 வரை போகும். வீடுகளைக் கொத்தாகத் தேர்ந்தெடுப்பதால் உண்மையில் இன்னும் அகலும். 21 என்றால் நல்ல மாவட்டம், 70 என்றால் அவசரநிலை. இரண்டில் எது என்று இந்த எண்ணால் சொல்ல முடியாது. குறிப்பேட்டில் அதை விட்டது நேர்மையான முடிவு.

இன்னொரு சிக்கல் ஊர்க் கணக்கு. தாயைப் பேட்டி கண்ட இடத்தில்தான் குழந்தையின் இறப்பு ஏறும். பீகாரிலிருந்து திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்கு வந்த பெண் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய குழந்தை நான்கு ஆண்டுக்கு முன்பு சொந்த ஊரில் இறந்திருந்தாலும், பேட்டி திருப்பூரில் நடந்தால் அது திருப்பூர்க் கணக்கு. முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கிய பெண்களைத்தான் பேட்டி காண்கிறார்கள் என்பதால், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த மகளும் அந்த மாவட்டத்தில் சேர்ந்துவிடுவார். இடம்பெயர்ந்தோர் குவியும் தொழில் மாவட்டங்களில் இதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

இறந்த வயதைச் சொல்லும்போது பலர் "ஒரு வருஷம்" என்று முழு எண்ணாகச் சொல்லிவிடுவார்கள். பதினோரு மாதத்தில் இறந்த குழந்தை பன்னிரண்டு மாதமாகி, சிசு மரணக் கணக்கிலிருந்து வெளியே போய்விடும். பேட்டியாளர்களும் ஒன்று செய்வதுண்டு. கடந்த ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளுக்குக் கூடுதல் கேள்விகள் இருப்பதால், வேலையைக் குறைக்கப் பிறந்த ஆண்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிடுவார்கள். தாயே இறந்துபோன குழந்தைகளைப் பற்றிச் சொல்ல ஆளே இல்லை. எச்.ஐ.வி. கடுமையாகத் தாக்கிய தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகளில் இந்த விடுபடல் பெரிதாகவே இருந்தது.

இத்தனைக்கும் பிறகு, மாநிலத்துக்குள் ஏழை-பணக்காரர், சாதி, தாயின் படிப்பு என்று பிரித்துப் பார்க்க என்.எஃப்.எச்.எஸ். போல வேறு எதுவும் இல்லை. அந்தத் தேவைக்கு இதைத்தான் எடுக்க வேண்டும்.

## பிறப்பு இறப்புப் பதிவு

கொள்கைப்படி பார்த்தால் எல்லாவற்றையும்விடச் சிறந்தது இதுதான். மாதிரி இல்லை, முழு எண்ணிக்கை. மாவட்டம், வட்டாரம் வரை இறங்கலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிய வேண்டும்.

பிறப்பைப் பதியப் பெற்றோருக்குக் காரணம் உண்டு. பள்ளியில் கேட்பார்கள், ஆதாருக்குக் கேட்பார்கள். வீட்டில் இறந்த ஐந்து நாள் குழந்தைக்கு இறப்புச் சான்றிதழ் வாங்க என்ன காரணம்? சொத்தும் இல்லை, காப்பீடும் இல்லை. சிசுக்களைப் புதைப்பதே பல சமூகங்களில் வழக்கம் என்பதால் மயானச் சீட்டும் பெரும்பாலும் இருக்காது. பதிவு அரைகுறையாக உள்ள மாவட்டங்களில், எண்ணப்படாத இறப்புகளால் விகிதம் குறைந்து, மோசமான மாவட்டமே நல்ல பெயர் வாங்கிவிடும்.

பதிவு நன்றாக நடக்கும் இடங்களில் வேறு சிக்கல். இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு. கல்வராயன் மலையில் ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிறப்பு கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் பதிவாகிறது. மூச்சுத்திணறல் என்று சேலத்துக்கு அனுப்புகிறார்கள். நான்காம் நாள் அங்கே இறக்கிறது. இறப்பு சேலத்தில் பதிவாகிறது. விகிதம் போடும்போது இந்தக் குழந்தை வகுக்கும் எண்ணில் கள்ளக்குறிச்சியின் பிறப்பாகவும், வகுபடும் எண்ணில் சேலத்தின் இறப்பாகவும் நிற்கிறது. கள்ளக்குறிச்சி உள்ளதைவிட நன்றாகவும் சேலம் உள்ளதைவிட மோசமாகவும் தெரியும். பச்சிளம் குழந்தை சிகிச்சைப் பிரிவு சிறப்பாக இயங்கும் நகரமே இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. படிவத்தில் வசிப்பிடம் எழுதும் இடம் உண்டு. அதை எடுத்து மறுபடி ஊர் வாரியாகப் பிரித்தால் சிக்கல் தீரும். அந்தப் பிரிப்பு வேலைதான் இந்த வழியின் உண்மையான செலவு. சில மாதங்கள் பிடிக்கும். மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்பு இல்லாமல் நடக்காது.

## மருத்துவமனை வழி மாதாந்திர அறிக்கைகள்

சுகாதாரத் துறையின் எச்.எம்.ஐ.எஸ். 2008 முதல் இணையத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து தொடரும் பிக்மி அமைப்பும் உண்டு. மாதா மாதம் வரும், வட்டாரம் வரை கிடைக்கும். எந்த மருத்துவமனையில் திடீரென்று இறப்பு கூடியது என்று கண்டுபிடிக்க இதுதான் வேகமான வழி.

மாவட்டங்களைத் தர வரிசைப்படுத்த இதை எடுக்காதீர்கள். வீட்டு இறப்புகளும் பல தனியார் மருத்துவமனை இறப்புகளும் விடுபடும். தவிர, அறிக்கை அனுப்புபவரையே அந்த எண்ணை வைத்து மதிப்பிட்டால், பிறந்து ஒரு நிமிடம் மூச்சுவிட்ட குழந்தை 'இறந்தே பிறந்தது' என்ற கட்டத்துக்கு நகரும் ஆபத்து எங்கும் உண்டு. இறந்தே பிறந்தவை வழக்கத்துக்கு மாறாக அதிகமாகவும் முதல் நாள் இறப்புகள் மிகக் குறைவாகவும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

## மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் பிராஸ் முறையும்

எத்தனை குழந்தை பெற்றீர்கள், அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இரண்டே கேள்வி. இதிலிருந்து இறப்பு விகிதத்தைக் கணக்கிடும் வழியை 1960களில் வில்லியம் பிராஸ் வகுத்தார். 20-24 வயதுத் தாய்மார்கள் பெற்ற குழந்தைகளில் இறந்தவர் பங்கு, ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் இறக்கும் வாய்ப்பைக் காட்டும். 30-34 வயதினருடையது ஐந்து வயதுக்குள் இறக்கும் வாய்ப்பைக் காட்டும். கணக்கெடுப்பு வீடு வீடாக எல்லாரிடமும் போவதால் மாவட்டத்துக்கு ஆயிரக்கணக்கான இறப்புகள் கையில் இருக்கும். தற்செயலின் ஆட்டம் இங்கே பிரச்சினையே இல்லை.

பிரச்சினை வேறு இரண்டு. இது பேசும் காலம் கணக்கெடுப்புக்குச் சில ஆண்டுகள் முந்தையது. அப்புறம், வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளரிடம், மாமியார் பக்கத்தில் இருக்க, இரண்டு நாள் மட்டும் இருந்த குழந்தையைப் பற்றி எல்லாப் பெண்களும் சொல்வதில்லை. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து அறிவிக்கப்பட்டது. இப்போதைக்குக் கையில் இருப்பது 2011 கணக்கு. மாவட்டங்களுக்கு இடையிலான நீண்டகால வரலாற்றை எழுதுபவர்களுக்கு இது பொக்கிஷம். இந்த ஆண்டுத் திட்டத்துக்கு ஆகாது.

## புள்ளியியல் கணிப்பு வரைபடங்கள்

ஐந்து கிலோமீட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கட்டம் கட்டமாக நிறம் தீட்டிய வரைபடங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் இப்படி வந்திருக்கின்றன. டேட்டா குறைவான இடத்துக்கு அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்தும், தாயின் படிப்பு, நகரத்துக்குப் போக ஆகும் நேரம், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் இரவு வெளிச்சம் போன்றவற்றிலிருந்தும் பலம் கடன் வாங்கி மதிப்பிடுகிறார்கள். நல்ல முறைதான். ஆட்டம் போடும் மாவட்ட எண்களை இது நிதானப்படுத்துகிறது. ஆனால் கட்டத்தின் நுணுக்கம் கண்ணை ஏமாற்றும். டி.எச்.எஸ். ஆய்வுகளில் தனியுரிமைக்காகக் கிராமப்புற இடக்குறிகளையே பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டர் வரை வேண்டுமென்றே நகர்த்தித்தான் வெளியிடுகிறார்கள்.

இதில் எனக்கு உண்மையான கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. தாயின் படிப்பை உள்ளே போட்டுக் கணித்த வரைபடத்தை எடுத்து, "படிப்பு கூடிய மாவட்டத்தில் இறப்பு குறைவு" என்று முடிவு எழுதுகிறார்கள். போட்டதுதான் திரும்பி வருகிறது. எந்தக் காரணிகளை வைத்துக் கணித்தார்கள் என்று பார்க்காமல் இந்த எண்களைக் காரண ஆய்வுக்கு எடுப்பது தவறு. அதோடு, சுற்றிலும் நல்ல மாவட்டங்கள் இருக்க நடுவில் ஒரு மலைப்பகுதி மட்டும் தவித்தால், அக்கம்பக்கத்தோடு சமப்படுத்தும் கணிப்பு அந்தத் தவிப்பையும் சேர்த்தே மழுப்பிவிடும்.

## நாமே ஆய்வு நடத்தினால்?

பிழையை இருபது சதவீதத்துக்குள் வைக்க ஏறத்தாழ நூறு இறப்புகளாவது வேண்டும். விகிதம் 100 உள்ள இடத்தில் ஆயிரம் பிறப்புகள் போதும். விகிதம் 20 உள்ள தமிழ்நாட்டு மாவட்டத்தில் ஐயாயிரம் பிறப்புகள் வேண்டும். தமிழ்நாட்டின் குறைந்த பிறப்பு விகிதத்தில், ஐந்தாண்டுப் பிறப்புகளைக் கேட்டாலும் ஏறத்தாழ பத்தொன்பதாயிரம் வீடுகள் ஏற வேண்டும். சாவு குறையக் குறைய அளப்பது கடினமாகிறது. சிராவஸ்தியைக் கண்டுபிடித்த ஆண்டுச் சுகாதார ஆய்வு 284 மாவட்டங்களில் சுமார் 41 லட்சம் வீடுகளுக்குப் போனது, அதாவது மாவட்டத்துக்குப் பதினாலாயிரத்துக்கு மேல். 2012-13 சுற்றோடு அது நின்றுபோனது பெரிய இழப்பு.

ஒரு சிறு பகுதியை ஆண்டுக்கணக்கில் தொடர்வது இன்னொரு வழி. வங்கதேசத்தின் மத்லாப்பில் 1966 முதல் அப்படித் தொடர்கிறார்கள். ஏன் இறக்கிறார்கள் என்று ஆழமாகத் தெரியும். பக்கத்து மாவட்டத்துக்கு அதைப் பொருத்த முடியாது.

## ஒரே பார்வையில்

| வழி | நம்பக்கூடிய மட்டம் | பேசும் காலம் | இறப்பு ஏறும் ஊர் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| மாதிரிப் பதிவு முறை | மாநிலம் | அந்தந்த ஆண்டு | வசிப்பிடம் | மாவட்ட எண் கிடையாது |
| குடும்ப நல ஆய்வு | மாநிலம் | முந்தைய 5 ஆண்டு | பேட்டி நடந்த இடம் | அகலமான நம்பக இடைவெளி |
| பிறப்பு இறப்புப் பதிவு | பதிவு முழுமையானால் வட்டாரம் | அந்தந்த ஆண்டு | இறந்த இடம் | வசிப்பிடப்படி மறுபிரிப்பு |
| மருத்துவமனை அறிக்கை | தனி மருத்துவமனை | அந்தந்த மாதம் | மருத்துவமனை | விடுபட்டதைத் தேடும் களவேலை |
| கணக்கெடுப்பு + பிராஸ் | மாவட்டம் | சில ஆண்டு முந்தையது | கணக்கெடுத்த இடம் | பத்தாண்டுக் காத்திருப்பு |
| கணிப்பு வரைபடம் | மாவட்டம், எச்சரிக்கையோடு | கணிப்பைப் பொறுத்தது | உள்ளே போன டேட்டாவைப் பொறுத்தது | காரண ஆய்வுக்கு ஆகாது |

## யாருக்கு எது?

மாநிலம் முன்னேறுகிறதா என்று எழுதும் செய்தியாளருக்கு எஸ்.ஆர்.எஸ். போதும். ஒரே மூலத்தின் எண்களை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுங்கள். 2016க்கு ஒரு மூலம், 2020க்கு இன்னொரு மூலம் என்று கலந்தால் இல்லாத சாதனையும் பிறக்கும், இல்லாத சரிவும் பிறக்கும்.

ஏற்றத்தாழ்வை ஆராயும் மாணவருக்கு என்.எஃப்.எச்.எஸ். மாவட்டம்தான் வேண்டும் என்றால் இரண்டு சுற்றுகளைச் சேர்த்து, அக்கம்பக்கத்திலிருந்து பலம் கடன் வாங்கும் சிறு பகுதி மதிப்பீட்டு முறைகளைப் பயன்படுத்துங்கள். ஆர் மென்பொருளில் இதற்கென்றே இலவசத் தொகுப்புகள் உண்டு. எல்லைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள்தான். தென்காசி, மயிலாடுதுறை, கள்ளக்குறிச்சி எல்லாம் தாய் மாவட்டங்களுக்குள் இருக்கும்.

பச்சிளம் குழந்தைப் பிரிவை எங்கே தொடங்குவது என்று முடிவெடுப்பவருக்கு விகிதம் மட்டும் போதாது. விகிதம் 30 உள்ள மாவட்டத்தில் ஆண்டுக்கு 8,000 பிறப்பு என்றால் 240 இறப்பு. விகிதம் 15 உள்ள மாவட்டத்தில் 40,000 பிறப்பு என்றால் 600 இறப்பு. நியாயம் முதல் மாவட்டத்தைக் காட்டும், எண்ணிக்கை இரண்டாவதைக் காட்டும். இரண்டையும் மேசைமேல் வைத்துத்தான் பேச வேண்டும். தமிழ்நாடு, கேரளம் போலப் பதிவு வலுவான மாநிலத்தில் நான் பிறப்பு இறப்புப் பதிவைத்தான் எடுப்பேன்: மூன்று ஆண்டுகளைச் சேர்த்து, வசிப்பிடப்படி பிரித்து, மலைக்கிராமங்கள் சிலவற்றில் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து. உத்தரப் பிரதேசத்திலோ பீகாரிலோ அதே வேலையைச் செய்ய வேண்டுமானால், பதிவு எவ்வளவு முழுமை என்று தெரியும்வரை, நம்பக இடைவெளியை வெளிப்படையாகக் காட்டும் மாவட்டக் கணிப்பையே எடுப்பேன். அதிலும் 34ஆம் இடம், 35ஆம் இடம் என்று தர வரிசை போடமாட்டேன். இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாத மாவட்டங்களை மட்டும் "மோசம்", "நல்லது" என்று பிரித்து, நடுவில் உள்ள பெருங்கூட்டத்தை ஒரே குழுவாக விட்டுவிடுவேன்.